180 லீற்றர் வடிகிறது, ஒன்றரை லீற்றர் வெளியே போகிறது: மிச்சம் எங்கே?



போன மாதம் ஒரு தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற நேரம். மடுவத்துப் பக்கம் நின்று பெண்களோடு பேசிக்கொண்டிருந்தேன். மலைக்கு வரும்போது தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருகிறீர்களா என்று கேட்டேன். ஒரு தங்கச்சி சிரித்தாள்.

"தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும் மிஸ். அதுக்கு எங்க போறது? மேல கங்காணி, கீழ ரோட்டு."

"அப்படியும் வந்தா என்னம்மா செய்வீங்க?"

"அடக்கிக்கிறதுதான். கொஞ்ச நேரம் அடக்கினா ஒடம்பே திரும்ப உள்ள இழுத்துக்கும். அப்புறம் வர்ற மாதிரியே இருக்காது."

பக்கத்தில் நின்ற நாலைந்து பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அன்று நிறுவை முடிகிற அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இந்த மாதம் அதையே எழுதுகிறேன்.

அந்தத் தங்கச்சி சொன்னதில் பாதி உண்மை. உடம்பு திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வது நிஜம்தான். ஆனால் இழுக்கிற இடம் வேறு, நேரமும் வேறு. அடக்கி வைக்கிற பையில் அது நடப்பதில்லை. அதற்கு முன்னாலேயே, சிறுநீரகத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது.

சிறுநீரகத்தைச் சிலர் கிட்னி என்பார்கள். பழைய ஆட்கள் குண்டிக்காய் என்பார்கள். முதுகுப்பக்கம், கடைசி விலா எலும்பை ஒட்டி, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. நம் கை முட்டியளவுதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஏறக்குறைய பத்து லட்சம் மெல்லிய குழாய்கள். ஒவ்வொரு குழாயின் தலைப்பிலும் ஒரு சின்னச் சல்லடை. இரத்தம் இந்தச் சல்லடைகளுக்குள் நிமிடத்துக்கு ஒரு லீற்றருக்கு மேல் வந்து போகிறது. அதில் 125 மில்லிலீற்றர் அளவு தண்ணீராக வடிந்து குழாய்க்குள் இறங்குகிறது. ஒரு நாளுக்குக் கணக்குப் போட்டால் 180 லீற்றர். நாம் பீலியில் பிடிக்கிற 20 லீற்றர் கேனில் ஒன்பது கேன்!

இவ்வளவும் வெளியே போனால் என்ன ஆகும்? அரை மணித்தியாலத்துக்குள் இரத்தத்தில் உள்ள தண்ணீர் முழுதும் தீர்ந்து ஆள் முடிந்துபோவான். ஆனால் நாம் ஒரு நாளைக்கு வெளியே விடுவது ஒன்று, ஒன்றரை லீற்றர்தான். அப்படியென்றால் வடிந்த நூறு பங்கில் தொண்ணூற்றொன்பது பங்கு திரும்ப இரத்தத்துக்கே போகிறது.

ஏன் இந்த வீண் வேலை? முதலிலேயே கழிவை மட்டும் பொறுக்கி எடுத்து வெளியே போட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். தீபாவளிக்கு முன்னால் காம்பராவுக்கு வெள்ளையடிப்பதை நினைத்துப் பாருங்கள். உள்ளே நின்றுகொண்டு ஒவ்வொரு மூலையிலும் குப்பையைத் தேடினால் பாதி தப்பிவிடும். அதனால் என்ன செய்கிறோம்? பாய், பெட்டி, சட்டி, பானை எல்லாவற்றையும் இஸ்தோப்புக்குத் தூக்கிக்கொண்டு வந்து போடுகிறோம். பிறகு வேண்டியதை ஒவ்வொன்றாகப் பார்த்து உள்ளே எடுக்கிறோம். எடுக்காமல் விட்டதெல்லாம் குப்பைக்குப் போகும். சிறுநீரகமும் அப்படித்தான். எது கழிவு என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. எது வேண்டும் என்று தெரிந்தால் போதும். இதுவரை உடம்பு காணாத ஏதோ ஒரு மருந்தோ விஷமோ உள்ளே வந்தாலும், அதைத் திரும்ப எடுக்க ஆளில்லாததால் பெரும்பாலும் தானாகவே வெளியே போய்விடும். இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் மட்டும் சல்லடையைத் தாண்டுவதில்லை. வீட்டுச் சுவரையும் கூரையையும் யாரும் வெளியே தூக்கி வைப்பதில்லை அல்லவா.

தவளை சொன்ன சாட்சி

இப்படி வடித்து, பிறகு திருப்பி எடுக்கிறது என்று 1842இல் கார்ல் லுட்விக் என்ற ஜெர்மன் வைத்தியர் சொன்னார். எல்லோரும் நம்பவில்லை. குழாய்கள் கழிவைச் சுரந்து ஊற்றுகின்றன, அவ்வளவுதான் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். வாதம் எண்பது வருஷத்துக்கு மேல் நடந்தது. 1924இல் அமெரிக்காவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வேர்ன், ரிச்சர்ட்ஸ் என்ற இரண்டு பேர், தலைமயிரை விட மெல்லிய கண்ணாடிக் குழாயைத் தவளையின் சிறுநீரகச் சல்லடைக்குள் செருகி, வடிந்த நீரில் ஒரு துளியை எடுத்தார்கள். அதில் சீனி இருந்தது, உப்பும் இருந்தது. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் இருந்த நீரில் சீனியும் இல்லை, உப்பும் இல்லை. வழியில் யாரோ எடுத்துவிட்டார்கள்! குழாய்தான் எடுத்தது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அத்தோடு வாதம் அநேகமாக முடிந்துபோனது.

எடுக்கிற வேலை குழாயின் முதல் பகுதியிலேயே மும்முரமாக நடக்கிறது. மூன்றில் இரண்டு பங்குத் தண்ணீரும் உப்பும் அங்கேயே திரும்பிவிடும். சீனி ஒரு நாளைக்கு 180 கிராம் அளவு வடிகிறது, நல்ல உடம்பில் அத்தனையும் திரும்பிவிடும். சாப்பாட்டுப் புரதம் கரைந்து உண்டான சத்துகளும் அநேகமாக முழுதும் திரும்பும். உப்பின் கணக்கைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். நாள் முழுதும் வடிகிற உப்பு ஒன்றரைக் கிலோ. கடையில் வாங்குகிற ஒரு கிலோ பக்கற்றை விடக் கூட. அதில் நாம் சாப்பிட்ட அளவுக்குச் சமமான சில கிராம்தான் வெளியே போகும்.

இதற்கெல்லாம் எங்கிருந்து பலம் வருகிறது? பழைய தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். ஒரே ஒரு எஞ்சின். மேலே நீளமான ஒரு ஷாப்ட் சுற்றும். அதிலிருந்து பெல்ட் மாட்டி ரோலர், சல்லடை, காற்றாடி என்று எல்லாவற்றையும் ஓட்டுவார்கள். சிறுநீரகக் குழாயின் சுவரிலும் ஒரே எஞ்சின்தான். அது உப்புப் பம்பு. குழாய்ச் சுவரில் உள்ள ஒவ்வொரு உயிரணுவும் தன் பின்பக்கத்தால் உப்பின் சோடியத்தை இரத்தப் பக்கமாக இறைத்துக்கொண்டே இருக்கும். இறைக்க இறைக்க அணுவுக்குள்ளே சோடியம் குறையும். குறைந்த இடத்தை நிரப்பக் குழாய்ப் பக்கத்திலிருந்து சோடியம் உள்ளே பாயும். பாயும்போது சீனியையும் சத்துகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும். உப்பும் சீனியும் போன பக்கம் தண்ணீரும் பின்னாலேயே போகும். இந்தப் பம்பை 1957இல் நண்டின் நரம்பில் கண்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்கூ என்பவர். அதற்கு 1997இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி கரைத்துக் கொடுக்கிறோமே, அதில் உப்போடு சீனியும் ஏன் சேர்த்திருக்கிறது தெரியுமா? குடலிலும் இதே தந்திரம்தான். உப்பும் சீனியும் சேர்ந்து போனால்தான் தண்ணீர் நன்றாக உள்ளே இழுபடும்.

எஞ்சின் ஓட எரிபொருள் வேண்டும். சிறுநீரகத்துக்கு அது இரத்தம் கொண்டுவரும் ஒட்சிசன். இரத்த ஓட்டம் குறைந்தால் முதலில் வாடுவது இந்தக் குழாய்கள்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சீனிக்கு ஒரு எல்லை

இன்னொரு தோட்டத்தில் ஒரு அம்மா. நாற்பத்தைந்து வயது தாண்டியவர். ராத்திரியில் நாலைந்து தடவை எழும்ப வேண்டியிருந்தது. லயத்துக்கு வெளியே, இருட்டில், குளிரில், கக்கூஸ் வரைக்கும் நடக்க வேண்டும். "தண்ணியைக் குறைச்சுக்க, சரியாப்போயிரும்" என்று பக்கத்துக் காம்பராவில் சொல்லியிருக்கிறார்கள். அவரும் குறைத்தார். நாக்கு வறண்டது, போவதோ நிற்கவில்லை. ஒரு நாள் மலையிலேயே கூடையோடு சரிந்து விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரத்தத்தில் சீனி முந்நூறைத் தாண்டியிருந்தது. அவருக்கு சீனி வியாதி இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

நடந்தது இதுதான். சீனியைத் திருப்பி எடுக்கிற கைகள் எண்ணிக்கையில் அளவானவை. இரத்தத்தில் சீனி 180 மில்லிகிராம் வரைக்கும் அந்தக் கைகள் சமாளிக்கும். (180 லீற்றர், 180 கிராம், இப்போது 180 மில்லிகிராம். எண் ஒன்றுதான், கணக்கு வேறு வேறு, குழம்ப வேண்டாம்.) அதற்கு மேல் போனால் எடுக்கக் கை இல்லாமல் மிச்சச் சீனி குழாயிலேயே ஓடும். சீனி இருக்கிற இடத்தில் தண்ணீரும் நின்றுவிடும். அதனால் தண்ணீரும் திரும்ப முடியாமல் சேர்ந்து வெளியே போகும். ஒண்ணுக்கு அடிக்கடி போவது குடித்த தண்ணீர் கூடியதால் அல்ல, சீனி தண்ணீரை இழுத்துக்கொண்டு போவதால். அந்த நேரம் குடிப்பதையும் நிறுத்தினால் உடம்பு வறண்டு போகாமல் என்ன செய்யும்? சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் சீனி என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். ஆனால் எறும்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். அப்போது சீனி ஏற்கெனவே எல்லையைத் தாண்டியிருக்கும்.

இப்போது இந்தக் கைகளையே வேண்டுமென்று கட்டிப்போடுகிற குளிசைகள் வந்திருக்கின்றன. எம்பாகிளிப்ளோசின், டாபாகிளிப்ளோசின் என்று சீட்டில் எழுதுவார்கள். சீனி திரும்பாமல் சிறுநீரோடு வெளியே போகட்டும் என்பதுதான் அவற்றின் வேலை. சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் கூட நல்லது என்று பிறகு தெரியவந்தது. இதைக் குடிக்கிறவர்களின் சிறுநீரைப் பரிசோதித்தால் எப்போதும் சீனி காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தரங்க இடத்தில் அரிப்பு வரலாம், சுத்தம் முக்கியம். காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம் என்று சாப்பிட முடியாமல் கிடக்கும்போதும், விரதம் இருக்கும்போதும் டொக்டரிடம் கேட்காமல் இவற்றைத் தொடர்ந்து குடிக்கக் கூடாது.

தண்ணீரை மிச்சம் பிடிக்கும் விதம்

குழாய் முதல் பகுதியைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவு மாதிரி சிறுநீரகத்தின் நடுப்பகுதிக்குள் இறங்கி, வளைந்து, மேலே ஏறுகிறது. இந்த வளைவின் வேலை நடுப்பகுதியை நல்ல உப்புக் கரிப்பாக வைத்திருப்பது. கடைசிக் குழாய் வெளியே போகும் வழியில் இந்த உப்பு இடத்தைக் கடந்துதான் போக வேண்டும். ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காய் தண்ணீர் விடுவது போல, குழாய்க்குள் இருக்கிற தண்ணீரை அந்த உப்பு வெளியே இழுக்கப் பார்க்கும். ஆனால் குழாயில் கதவு திறந்தால்தான் முடியும்.

கதவைத் திறக்கச் சொல்லுவது மூளை. வெயிலில் வியர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்தால் மூளையின் அடியிலிருந்து ஒரு சுரப்பு இரத்தத்தில் இறங்கும். குழாய்ச் சுவரில் தண்ணீர்க் கதவுகள் திறக்கும். தண்ணீர் திரும்பும், சிறுநீர் கொஞ்சமாக, மஞ்சளாகப் போகும். நிறையத் தண்ணீர் குடித்தால் சுரப்பு நிற்கும், கதவு மூடும், சிறுநீர் வெள்ளையாகப் போகும். சாராயம் இந்தச் சுரப்பைத் தடுத்துவிடுகிறது. ராத்திரி குடித்த ஆள் அடிக்கடி எழும்பிப் போவதும், விடிந்தால் நாக்கு வறண்டு செம்பு செம்பாகத் தண்ணீர் கேட்பதும் அதனால்தான். தேத்தண்ணியும் அப்படியா என்று கேட்கிறார்கள். பழகியவர்களுக்கு அந்த விளைவு மிகவும் சின்னது. குடித்த தேத்தண்ணியில் பெரும்பகுதி உடம்புக்கே சேரும், தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். சீனியை மட்டும் குறையுங்கள்.

இந்த மிச்சம் பிடிப்புக்கும் எல்லை உண்டு. எவ்வளவு கஞ்சத்தனம் பண்ணினாலும் அன்றாடக் கழிவைக் கரைத்து வெளியேற்ற அரை லீற்றர் அளவாவது வேண்டும். சிறுநீரகம் தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கும், புதிதாக உண்டாக்காது. காலையில் பெரட்டுக்குப் போகும்போது ஒரு கோப்பை தேத்தண்ணி, பிறகு பகல் வரைக்கும் ஒன்றுமில்லை என்று வருஷக் கணக்கில் இருந்தால், தடித்த சிறுநீரில் உப்புகள் கட்டிபட்டுக் கல்லாகலாம்.

இப்போது அந்தத் தங்கச்சியின் கேள்விக்கு வருவோம். கடைசிக் குழாயைத் தாண்டியபின் சிறுநீர் பைக்கு இறங்குகிறது. பை வெறும் களஞ்சியம். அங்கிருந்து சொல்லும்படியான அளவு எதுவும் இரத்தத்துக்குத் திரும்புவதில்லை. அடக்கினால் அவசரம் குறைவது போல இருப்பது, பையின் தசை கொஞ்சம் விட்டுக்கொடுத்து விரிவதால். உள்ளே இருப்பது அப்படியே இருக்கிறது, மேலிருந்து இன்னும் வந்துகொண்டும் இருக்கிறது. தேங்கி நிற்கிற நீரில் கிருமி பெருகும். பெண்களுக்கு வெளிவழி நாலு சென்றிமீற்றர் அளவுதான், கிருமி சுலபமாக ஏறிவிடும். எரிவு, அடிவயிற்று வலி என்று தொடங்கி, மேலே ஏறினால் குளிர் காய்ச்சல், முதுகுப்பக்க வலி, வாந்தி. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவர்களுக்கு இது மிகவும் ஆபத்து, மாதம் முந்திப் பிள்ளை பிறக்கவும் காரணமாகும். கிளினிக்கில் சிறுநீர் கேட்டால் வெட்கப்படாமல் கொடுங்கள்.

வலிக் குளிசை பற்றியும் சொல்ல வேண்டும். முதுகு உளைச்சல், முழங்கால் வலி என்று கடையில் டைக்ளோபினாக், ஐபுபுரோபன் மாதிரியான குளிசைகளை வாங்கிப் போடுகிற பழக்கம் நம்மிடம் அதிகம். வலிக்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கொழுந்துக் கூடையைச் சுமந்து பார்த்தால் தெரியும். ஆனால் உடம்பில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது, சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாயை விரித்து வைத்துக் காப்பாற்றுவதற்கென்று உடம்பே ஒரு பொருளை உண்டாக்கும். இந்தக் குளிசைகள் அதைத்தான் தடுக்கின்றன. எஞ்சினுக்கு எரிபொருள் குறையும் என்று முன்னால் சொன்னேனே, அது இதுதான். தாகத்தோடு, வெறும் வயிற்றோடு, பிரஷர், சீனி உள்ளவர்கள் தினமும் போட்டால் குழாய்கள் கெட்டுவிடும். வலிக்கு பரசிட்டமோலை அளவோடு குடிக்கலாம்.

குழாய்கள் கெட்டால் வெளியே சுலபமாகத் தெரியாது என்பதுதான் கவலை. 1990களிலிருந்து அநுராதபுரம், மெதவாச்சி, பதவியா பக்கம் விவசாயிகளுக்கு வருகிற சிறுநீரக நோயிலும் முதலில் அடிபடுவது சல்லடை அல்ல, இந்தக் குழாய்களும் அவற்றைச் சுற்றிய இடமும்தான். தண்ணீர், வெயில், விவசாய மருந்து என்று பலதையும் சந்தேகிக்கிறார்கள், ஒரே காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை. எலிக்காய்ச்சல் கிருமியும் குழாய்களைத்தான் தாக்குகிறது. எலியின் சிறுநீரகக் குழாயில் குடியிருந்து அதன் சிறுநீரோடு சேற்றுக்கும் கானுக்கும் வரும் கிருமி அது. அந்தக் காய்ச்சலில் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருக்கும்போதே சிறுநீர் தாராளமாகப் போகலாம், ஏனென்றால் திருப்பி எடுக்கிற வேலைதான் நின்றுபோயிருக்கிறது. "நல்லாத்தானே ஒண்ணுக்குப் போவுது" என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்து, சேற்றிலோ கானிலோ வேலை செய்தவராகவும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எங்கே வேலை செய்தீர்கள் என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

சிறுநீரகத்தைச் சோதிக்க கிரியற்றினின் என்று ஒரு இரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். இது தசையிலிருந்து வரும் கழிவு. சல்லடையில் வடியும், குழாய் இதைத் திருப்பி எடுப்பதே இல்லை. ஆகவே இரத்தத்தில் இது கூடினால் வடிகிற வேலை குறைந்துவிட்டது என்று அர்த்தம். சீனி, பிரஷர் உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இதையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் கிளினிக்கில் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் போன கிழமை அதே மடுவத்தில் சொன்னேன். தங்கச்சி கவனமாகக் கேட்டுவிட்டு, "சரி மிஸ், நாளையிலருந்து தண்ணி குடிக்கிறேன். ஆனா ஒண்ணுக்கு எங்க போறது?" என்றாள். சிறுநீரகத்தைப் பற்றி எவ்வளவு படித்தாலும் அதற்குப் பதில் இல்லை. அப்போதுதான் வயதான ஒரு அம்மா, ஏழாம் நம்பர் மலைக்கும் எட்டாம் நம்பர் மலைக்கும் நடுவில் பழைய மடுவம் ஒன்று இடிந்து கிடக்கிறது, சுவர் மூன்று பக்கம் நிற்கிறது, பீலித் தண்ணீரும் கிட்டவே ஓடுகிறது, ஒரு குழி வெட்டிக் கதவு போட்டால் போதும் என்றார். அங்கேயே ஒரு கொப்பித் தாளில் எழுதினோம். முப்பத்திரண்டு பேர் கையெழுத்து வைத்தார்கள், கைநாட்டு வைத்தவர்களும் உண்டு. தாள் இப்போது தோட்டத்து ஆபீசில் இருக்கிறது.